பொதுப்பணமும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் வழங்கத்தக்க நெறி யாதென்பதை ஐரோப்பியச் சான்றொன்றால் ஆராய்வாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் மனித மூளைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 100 கோடி யூரோ செலவாகுமென மதிப்பிடப்பெற்றது. மனித மூளை முழுவதன் தொழிற்பாட்டையும் கணினியிற் போலச்செய்து காட்டுதலே அதன் பெருநோக்கம். மறு ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலறிஞர், அதன் போக்குக் குறுகியதென்றும் நிருவாகம் செம்மையற்றதென்றும் பகிரங்கக் கடிதத்தாற் கண்டித்தனர்; பின்னர் நிருவாகம் மாற்றியமைக்கப்பட்டது. 2023இல் திட்டம் முடிவுற்றபோது விரிவான மூளை வரைபடங்கள் முதலிய நற்பயன்கள் கிடைத்திருந்தன. முதல் வாக்குறுதியோ நிறைவேறவில்லை.

அவ்வொன்றியமே 2007இல் நிறுவிய ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் வினாவைத் தான் விதிப்பதில்லை. ஆராய்வோர் எழுப்பும் வினாவின் தகுதியை அறிஞர் குழுக்களால் மதிப்பிட்டே நிதி வழங்குகின்றது. விடையை முன்னரே உறுதிகூறுதல் வாணிகத்திற்குப் பொருந்தலாம், ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. பொதுப்பணம் நாடவேண்டியது நல்ல வினாவையே என்பது எமது துணிபு.