‘நோக்கமுள்ள அழகு’: ஒரு சொல்லும் ஒரு மேடையும்

அரபி மொழியில் ஹா, ஸீன், நூன் என்னும் மூன்று எழுத்துகளால் அமைந்த வேர் ஒன்று உண்டு. அதிலிருந்து பிறந்த ‘ஹுஸ்ன்’ என்னும் சொல் அழகைக் குறிக்கும்; அதே வேரில் கிளைத்த ‘இஹ்ஸான்’ நன்மை செய்தலையும், செய்வதைச் செம்மையுறச் செய்தலையும் குறிக்கும். தமிழிலும் இவ்வுறவு பழையதே. ‘நலம்’ என்னும் சொல் பண்டை இலக்கியங்களில் பெண்ணின் எழிலையும் சுட்டும், நன்மையையும் சுட்டும். ஆகவே அழகையும் அறச்செயலையும் இணைத்துப் பார்ப்பதற்கு உலகம் 1972-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. உலக அழகிப் போட்டியை நடத்தி வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜூலியா மோர்லி, ‘பியூட்டி வித் எ பர்ப்பஸ்’, அதாவது ‘நோக்கமுள்ள அழகு’ என்னும் தொண்டு முயற்சியை அவ்வாண்டில்தான் தொடங்கினார். சொல்லாட்சி நல்லதே. அச்சொல்லுக்கு அந்த மேடையில் நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

போட்டியின் பிறப்பைச் சுருக்கமாக நினைவுகூர்வது தகும். 1951-இல் லண்டனில், பிரிட்டன் திருவிழாவை ஒட்டி, எரிக் மோர்லி இதனைத் தொடங்கினார். முதலாவது பட்டம் பெற்ற ஸ்வீடன் நாட்டுப் பெண் நீச்சலுடையிலேயே முடிசூட்டப்பட்டார். தொண்டு என்ற பேச்சு அன்று எழவில்லை. 1970-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தபோது, பெண் விடுதலை இயக்கத்தினர் மாவுப் பொட்டலங்களை வீசி எதிர்ப்புத் தெரிவித்தனர். கால்நடைச் சந்தையில் மாடுகளை நிறுத்துவதுபோலப் பெண்களை நிறுத்துகிறீர்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டு. இரண்டாண்டுகள் கழித்து ‘நோக்கம்’ வந்து சேர்ந்தது. இவ்விரண்டிற்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நான் சாதிக்கவில்லை. ஆண்டுகளின் வரிசையை மட்டும் வாசகர்கள் கவனத்திற் கொள்வார்களாக.

இன்று இம்முயற்சி போட்டியின் ஓர் அங்கமாகிவிட்டது. பங்கேற்கும் பெண் தம் நாட்டில் தாம் ஆற்றும் தொண்டினைத் திட்டமாக வகுத்து, அதனை விளக்கும் குறும்படத்துடன் வர வேண்டும். நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்திற்கு உரியவர் அடுத்த கட்டத்திற்கு நேரடியாக முன்னேறுவதும் உண்டு. விளையாட்டிற்கும் ஆடை அலங்காரத்திற்கும் தனித்திறனுக்கும் உள்ளதுபோலவே தொண்டிற்கும் ஒரு சுற்று! இங்கேதான் ஹுஸ்னுக்கும் இஹ்ஸானுக்கும் இடையிலான உறவு தலைகீழாகிறது. மொழியில், நன்மை செய்தல் அழகின் வினைவடிவம். மேடையிலோ, அது அழகிற்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண். தூய நீர் பெற்ற சிற்றூராரும் சிகிச்சை பெற்ற குழந்தையின் தாயும் அந்நடுவர் குழுவில் அமர்வதில்லை. அவர்கள் படத்தில் மட்டுமே தோன்றுவர். எனவே அங்கு அளக்கப்படுவது தொண்டன்று, தொண்டைக் காட்டும் திறனே.

இவ்வாறு கூறுவதால் அப்பெண்களின் உழைப்பைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. 2017-இல் பட்டம் வென்ற இந்தியாவின் மானுஷி சில்லர் அப்போது மருத்துவ மாணவி. மாதவிடாய்க்காலத் தூய்மை குறித்துச் சிற்றூர்ப் பெண்களிடையே அவர் நடத்திய ‘சக்தி’ திட்டம், நம் வீடுகளில் இன்றும் தாழ்ந்த குரலில் பேசப்படும் ஒரு துன்பத்தை வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. 2025 மே 31 அன்று ஹைதராபாத்தில் முடிசூடிய தாய்லாந்தின் ஓப்பல் சுசாதா, பதினாறு வயதில் தம் மார்பகத்தில் கட்டி அகற்றப்பட்டவர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வை அவர் மேற்கொண்டது அத்துன்பத்தின் விளைவு. இவர்களின் எண்ணத்தைத் தராசிலிடும் உரிமை நமக்கில்லை. என் வினா மேடையை நோக்கியது.

அதே 2017-இல் இறுதிச் சுற்றில் மானுஷியிடம், மிக உயர்ந்த ஊதியத்திற்கு உரிய தொழில் எது என்று வினவப்பட்டது. தாய்மை என்பதும், அதற்குரிய ஊதியம் பணம் மட்டுமன்று, அன்பும் மதிப்புமே என்பதும் அவர் விடையின் சாரம். அரங்கம் ஆரவாரித்தது. மறு ஆண்டில், உக்ரைன் அழகிப் பட்டம் பெற்ற வெரோனிகா டிடுசென்கோ மணமுறிவு பெற்றவர், ஒரு குழந்தையின் தாய் என்பது தெரியவந்ததும், சில நாள்களிலேயே அவரது பட்டம் பறிக்கப்பட்டது. மணமானவர்களும் தாய்மார்களும் உலக அழகிப் போட்டியில் பங்கேற்க விதி இடந்தரவில்லை. தாய்மைக்கு ஆரவாரம், தாய்க்குக் கதவடைப்பு! குழந்தைகளுக்காகத் தொண்டு நிதி திரட்டும் ஓர் அமைப்பு, குழந்தை பெற்றவளைத் தகுதியற்றவள் என விலக்குவதை எந்த நோக்கத்தைக் கொண்டு விளக்குவது? தொண்டு செய்வதற்கு வயது வரம்போ கன்னிமையோ தேவையில்லை. காட்சிக்குத்தான் அவை தேவைப்படுகின்றன. பிரபஞ்ச அழகிப் போட்டி 2023 முதல் இத்தடையை நீக்கிக்கொண்டது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

ஹைதராபாத் போட்டியின்போது, 2025 மே மாதத்தில், தெலங்கானாவின் ராமப்பா கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட போட்டியாளர்கள் சிலருக்கு உள்ளூர்ப் பெண்கள் கால் கழுவி விட்டுத் துடைத்தும் விட்ட காட்சி வெளியாகிக் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. விருந்தோம்பல் மரபு என்று விளக்கம் கூறப்பட்டது. இருக்கலாம். ஆயினும் தொண்டு செய்ய வந்தவர் அமர்ந்திருக்க, தொண்டு பெற வேண்டிய நிலையிலுள்ளவர் குனிந்திருந்த அப்படம், நூறு குறும்படங்கள் மறைத்ததைத் தானே சொல்லிவிட்டது.

இனி, எதிர்த்தவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1996-இல் போட்டி பெங்களூருக்கு வந்தபோது, அதனை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து மாண்டார். 2002-இல் நைஜீரியாவில் நடக்கவிருந்த போட்டியைக் குறித்து ஒரு நாளிதழில் வெளிவந்த, நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் வரியொன்று கடுனா நகரில் கலவரத்தை மூட்டியது. முஸ்லிம்களும் கிறித்தவர்களுமாக இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். போட்டி லண்டனுக்கு மாறியது; அங்கு மகுடம் குறைவின்றிச் சூட்டப்பட்டது. பிணங்கள் கடுனாவில் கிடந்தன. நிந்தனையால் எழுந்த மனவேதனையை நான் உணர்கிறேன். அண்டை வீட்டாரைக் கொன்றதற்கு அது எவ்வகையிலும் விடையாகாது என்பதை நம் ஏடுகள் அன்று இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

2013-இல் இந்தோனேசியர் வேறு வழி கண்டனர். பாலித் தீவில் உலக அழகிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஜகார்த்தாவில் ‘உலக முஸ்லிமா’ போட்டி நடத்தப்பட்டது. தலைமுக்காடு கட்டாயம், குர்ஆன் ஓதலும் சன்மார்க்க அறிவும் மதிப்பிடப்பட்டன, நைஜீரியப் பெண் ஒருவர் வென்றார், பரிசுகளுள் மக்கா பயணமும் ஒன்று. கல் எறிவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மேடை, அதே ஒளிவிளக்கு, அதே நடுவர் வரிசை, அதே மகுடம். லண்டனில் தொண்டு எதற்குள் நுழைக்கப்பட்டதோ, ஜகார்த்தாவில் திலாவத் அதற்குள்ளேயே நுழைக்கப்பட்டது. மத்ரஸாவில் பிழையின்றி ஓதும் மாணவியரைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர்களுள் இளம்பருவம் கடந்தவருக்கும் தோற்றப் பொலிவு குன்றியவருக்கும் அந்த மேடையில் இடம் கிடைத்திருக்குமா என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டால், அவர்களும் மோர்லி குடும்பத்தாரின் விதிப்புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.