மணற்கேணியும் நீர் வட்டமும்

நீர் வட்டம் என்னும் பாடம் நம் பாடசாலைகளில் இரண்டு வகுப்புகளிலே நிகழ்கின்றது. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையிற் கடல், கதிரவன், முகில், மலை, ஆறு என்பவற்றை வரைந்து அம்புக்குறிகளால் இணைப்பார். தமிழாசிரியரோ, இவையெல்லாம் நம் பழம்புலவர் முன்னரே கண்டுரைத்தனவன்றோ எனப் பட்டினப்பாலையைக் காட்டிப் பெருமிதங் கொள்வார். யானும் இவ்விரண்டாங் கூட்டத்தைச் சேர்ந்தவனே. கல்முனைக் கரையோரத்துப் பாடசாலையொன்றில் அப்பெருமிதத்தைப் பல்லாண்டு பரிமாறியவன். அது பாடமாகாது என எனக்கு உணர்த்தியது ஒரு மாணவியின் வினா. அதனைக் கூறுமுன் செய்யுட்களை நோக்குவோம்.

பட்டினப்பாலையிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீரின் சுழற்சியை ஓர் உவமையாகவே கொணர்கின்றார். முகில் முகந்த நீர் மலையிலே பொழிய, மலையிற் பொழிந்தது மீண்டுங் கடலை அடைவது போலக் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பண்டங்கள் நீரினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று நீருக்கும் ஓயாது செல்கின்றன என்பது கருத்து. புலவர் பாட எடுத்த பொருள் துறைமுகத்தின் வளம்; மழை அதனை அளக்கும் மரக்கால் மாத்திரமே. என்றும் தவறாதது என எல்லோரும் ஒப்பியதொன்றே இத்தகைய உவமைக்குப் பொருந்தும். ஆகவே புலவர்க்கு வேண்டியது தவறாத வட்டம். இன்றைய மாணாக்கருக்கு நாம் உணர்த்தவேண்டியதோ அவ்வட்டம் காலத்தாலும் அளவாலும் பிறழ்கின்றது என்பதனை. உவமையை விஞ்ஞானமாகப் படிப்பிப்போர் தவறாமையையும் சேர்த்தே படிப்பித்துவிடுகின்றனர்.

வள்ளுவர் வேறு வழிச் செல்கின்றார். வான்சிறப்பின் 17 ஆம் குறள், முகில் கடலினின்று கொண்டதைத் திரும்பக் கொடாதொழிந்தால் யாது நேரும் என வினவி, நெடுங்கடலும் தன்னியல்பிற் குன்றும் என விடை கூறுகின்றது. பரிமேலழகர் அக்குன்றுதலை நீரளவின் குறைவாகக் கொள்ளவில்லை. நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும் மணி முதலியன உண்டாகாமையுமே என விரித்தார். வட்டம் அறுபட்டால் என்னும் எண்ணம் இங்கே பிறந்துவிட்டது. வகுப்பறைக்கு உரியது இக்குறளே என்பது என் துணிபு. ஆயினும் நாம் இதனை மழையின் புகழ்ச்சியாக ஒப்புவிக்கச் செய்து புள்ளியிட்டு விடுகின்றோம்.

இனி, அந்த வினா. கல்வி அதிகாரத்து 396 ஆம் குறளை நடத்திக்கொண்டிருந்தேன். மணற்கேணி தோண்டிய அளவுக்கு ஊறும். அறிவு கற்ற அளவுக்கு ஊறும். "ஆழத் தோண்டத் தோண்ட நன்னீர் பெருகும்" என்று வழக்கம்போல் விரித்தேன். மருதமுனைப் பிள்ளையொருத்தி எழுந்து, "சேர், எங்கட வளவுக் கிணத்த இன்னும் ஆழமாத் தோண்டினா உப்புத்தண்ணிதானே வரும்?" என்றாள். வகுப்புச் சிரித்தது. யான் சிரிக்கவில்லை; விடை அறியாமையே காரணம்.

அன்று மாலை விஞ்ஞான ஆசிரியரை நாடினேன். காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாக விளங்கியவர். அவரூருக்கு அண்மையிலேயே தமிழாசிரியனும் விஞ்ஞான ஆசிரியரும் அடுத்தடுத்த அறைகளில் அயலார்போல் இருந்தமை அப்பொழுதுதான் உறைத்தது. பிள்ளை கூறியது முற்றும் உண்மை என்றார் அவர். நம் கரை மணற்றிடர். வாடைக் காலத்து மழை மணலில் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை அது தாழ்ந்து நிற்கும் என்பது விதி. மேலே ஓரடி இழந்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏற முற்படும். மின்பம்பியால் அளவின்றி இறைப்போர் இதனை எண்ணுவதில்லை.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரைக் கிணறுகளையெல்லாம் உவராக்கியது. பலர் இரக்கத்தோடே அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். கிழக்குக் கரையிற் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், மிகையாக இறைத்தல் பயன்தராது கேடும் செய்யும் என்றும், நிலத்தடி நீரைக் கழுவியது பருவமழையே என்றும் காட்டின. கரும்பலகைப் படமும் பட்டினப்பாலையும் நிலத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. எம் பிள்ளைகள் குடிக்கும் நீர் இருப்பதோ அதற்குக் கீழே.

அப்படியாயின் வள்ளுவர் பிழைத்தாரா? இல்லை, பிழைத்தவன் யான். குறள் கூறுவது தோண்டிய அளவு. ஆழம் என்பது என் சொற்செருகல். மணலை அகலத் தோண்டினும் அது தோண்டலே. உவர்நீர் கீழ்நிற்கும் கரையிலே ஆழங்குறைந்து அகன்ற கிணறே நன்னீர் தருவது.

காலநிலை மாற்றத்தையும் இவ்வாறே கிணற்றடியிலிருந்து தொடங்கல் வேண்டும். துருவக்கரடியின் படத்தைக் காட்டி இரங்கச் சொல்வது எம் பிள்ளைக்கு எட்டாத கல்வி. உலகக் கடல்மட்டம் 1901 தொடக்கம் 2018 வரை ஏறக்குறைய 20 சதமமீற்றர் உயர்ந்தது. அவ்வளவுதானா என்பான் மாணவன். நாற்பதுக்கு ஒன்று என்னும் விதியை அறிந்தவன் அவ்வாறு கேளான். வெப்பம் ஒரு பாகை கூடினால் வளி ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு மிகையான நீராவியைத் தாங்கும். பெருமழை மேலும் பெருமழையாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் கிணறு வற்றுதலும், வாடையில் வீதி மூழ்குதலும் ஒரே வட்டத்தின் இரு பக்கங்கள்.

2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தபொழுது, அரபுக் கல்லூரி மாணவர் உழவு இயந்திரப் பெட்டியொன்றில் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். நீர் அவர்களை அடித்துச் சென்றது. சிறுவர் சிலர் மீளவில்லை. அடுத்த வாரம் நீர் வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்த ஆசிரியர் எவராயினும், அம்புக்குறியொன்று அவ்வீதியைக் கடப்பதை வரையாது விட்டிருப்பின் அவர் பாடத்தை முடித்தவரல்லர்.

இப்பொழுது எம் வகுப்பிலே பிள்ளைகள் முடிச்சிட்ட கயிற்றால் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து வருகின்றனர். மார்கழிக்குரிய பத்தியும் ஆவணிக்குரிய பத்தியும் அருகருகே எழுதப்படுகின்றன. மருதமுனைப் பிள்ளை மூன்றாவது பத்தியொன்று சேர்த்திருக்கின்றாள். அதன் தலைப்பு: "உம்மா சொன்ன ருசி."