சீசன் ஆட்டக்காரர்கள்

கொடைக்கானலில் வருமானத்தைப் பற்றிப் பேசினால் சீசனில்தான் பேச்சு தொடங்கும். ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவருக்கும், டாக்சி ஓட்டுபவருக்கும், லாட்ஜில் ரூம் பாயாக இருக்கும் பையனுக்கும் ஏப்ரலும் மேயும் நன்றாகப் போனால் மழைக்காலத்தை எப்படியாவது தள்ளிவிடலாம். அந்த இரண்டு மாதத்தில் காலை உடைத்துக்கொண்டால் வருஷமே போயிற்று. கேரளத்தின் மலப்புரத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானங்களில் இறங்கும் ஆப்பிரிக்க வீரர்களின் பிழைப்பு எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கின் வழியாகத்தான்.

பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கி, அங்கே ரயிலேறினால் பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு. அதற்கு மேற்கே, மலப்புரம் இருக்கும் மலபார். எங்கள் மலையில் பதினொரு பேர் ஆடும் அளவுக்குச் சமதளம் கிடைப்பது அரிது. பையன்கள் ஐந்து பேராகவோ ஏழு பேராகவோதான் பந்து பழகுகிறார்கள். அதனால் செவன்ஸ் எங்களுக்கு அந்நியமான ஆட்டம் இல்லை. நன்றாக ஆடுபவனைக் கீழேயுள்ள ஊர் டீம்கள் டோர்னமென்டுக்குக் கூப்பிடும். கெஸ்ட் பிளேயர் என்று பெயர். ஒரு மேட்ச், ஒரு கைக்காசு, பஸ் கட்டணம். கடல் கடந்து வந்து இதையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொண்டவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

மலபாரில் நவம்பர் வாக்கில் தொடங்கி மே மாதம் வரை செவன்ஸ் நடக்கிறது. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ கமுகும் மூங்கிலும் கட்டி கேலரி எழுப்புகிறார்கள். இரவில் விளக்குப் போட்டு ஆட்டம். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு ஊர் நற்பணிக்கும், நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்புகளுக்கும் போவது பல இடங்களில் வழக்கம். ஐவரி கோஸ்ட், லைபீரியா, கானா, நைஜீரியா, கேமரூன் நாடுகளிலிருந்து வந்த வீரர்கள் ஏறக்குறைய எல்லாப் பெரிய டீமிலும் இருக்கிறார்கள். இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இந்த ஆட்டத்துக்கு இல்லை. டீம்களையும் டோர்னமென்டுகளையும் ஒழுங்குபடுத்துவது செவன்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற தனி அமைப்பு.

இந்த வழக்கத்தின் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். இதை வெறும் சுரண்டல் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மைதானத்தைப் பார்க்காதவர்கள். சிறிய களத்தில் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் இது. ஆறடி உயர ஃபார்வர்டைத் தோளால் தடுத்துப் பழகும் பதினெட்டு வயது உள்ளூர் ஸ்டாப்பருக்கு அதற்கு ஈடான பயிற்சியை எந்த அகாடமியும் அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடாது. இந்திய அணிக்கு ஆடிய அனஸ் எடத்தொடிகாவும் ஆஷிக் குருணியனும் இந்தச் செவன்ஸ் மண்ணிலிருந்து போனவர்கள். ஜனங்களின் பிரியமும் பொய்யில்லை. முதல் மேட்சிலேயே இரண்டு கோல் போட்டவனின் பெயர் மறுநாள் டீக்கடையில் புழங்குகிறது. அவன் தங்கும் தெருவில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து சோறு வருகிறது.

அந்தப் பிரியத்தைப் படமாகக் காட்டியது 2018-இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஆப்பிரிக்க வீரனை ‘சுடானி’ என்று கூப்பிடும் மலப்புரத்துப் பழக்கம்தான் அந்தத் தலைப்பு. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் வன்மம் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனாலும் கானாக்காரனும் லைபீரியாக்காரனும் ஒரே பெயருக்குள் அடங்கும்போது, ஒருவன் போனால் இன்னொருவன் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. படம் வெளியான சில நாட்களில், அதில் நடித்த நைஜீரிய நடிகர் சாமுவேல் ராபின்சன் தனக்குக் குறைந்த சம்பளம் கொடுத்ததாகப் பொதுவெளியில் சொன்னார். தயாரிப்பாளர்கள் பிறகு கூடுதல் தொகை கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டார்கள். விருந்தாளியாக வந்தவனிடம் கூலியைப் பற்றி முன்கூட்டியே தெளிவாகப் பேசாமல் விடுகிறோம். அன்பு இருந்தால் கணக்குத் தேவையில்லை என்று நாம் நினைக்கிறோம். அந்த நினைப்புதான் இந்த வழக்கத்தின் அடிப்படைக் குறை என்பது என் எண்ணம்.

செவன்ஸில் கூலி மேட்ச் கணக்கு. ஆடினால் காசு. மழை வந்து ஆட்டம் நின்றாலோ, மேனேஜர் வேறு ஆளை இறக்கினாலோ, முழங்கால் திரும்பிவிட்டாலோ அன்றைக்குக் காசு இல்லை. அறை, அரிசி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் மூன்றும் அந்த முழங்காலில் நிற்கின்றன. அதனால் வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தால் ஆறிவிடும் தசைப்பிடிப்பு ஒரு மாதத்துக்கு இழுக்கிறது. 2024-இல் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர் மலப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார். மேட்சுக்கு 2,500 ரூபாய் என்று ஏஜென்ட் சொல்லி அழைத்து வந்ததாகவும், சொன்னபடி ஆட்டம் கிடைக்காமல் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனதாகவும் அவர் முறையிட்டார். 2,500 ரூபாய் குறைவா அதிகமா என்று நாம் விவாதிக்கலாம். எத்தனை மேட்ச் என்று எழுதாத ஒப்பந்தத்தில் அந்தத் தொகைக்கு அர்த்தமே இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில் அரீக்கோடு அருகே நடந்த ஆட்டத்தில் இன்னொரு ஐவரி கோஸ்ட் வீரரைக் கூட்டம் துரத்தி அடித்தது. இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். கைதட்டும் கேலரிக்கும் கல்லெறியும் கேலரிக்கும் நடுவே மூங்கில் வேலிதான் இருக்கிறது. பதிவான லீகில் நடுவர் அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கைக் குழு, கிளப்புக்கு அபராதம் என்று ஏதாவது ஒன்று அசையும். இங்கே அவருக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் மிச்சம். குறுகிய கால விசாவில் இருக்கும் வெளிநாட்டுக்காரர் ஸ்டேஷன் படி ஏற எவ்வளவு யோசிப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட கையோடு கோல்கீப்பர் மீது மோதி விழுந்து இறந்துபோனார். நாட்டின் பெரிய கோப்பைக்கான இறுதியாட்டத்திலேயே முதலுதவி போதவில்லை என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது. வயல்வெளி மைதானத்தில் நிலைமை எப்படி இருக்கும்?

வெளிநாட்டு வீரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1980-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடப் போன ஈரானியர்கள் மஜீத் பிஸ்கரும் ஜம்ஷித் நசிரியும் அலிகரில் படித்துக்கொண்டிருந்தவர்கள். நைஜீரியாவின் சீமா ஒகோரியும் விசாகப்பட்டினத்துக்குப் படிக்க வந்தவர்தான். பந்து கைவிட்டாலும் அவர்களுக்கு ஒரு கல்லூரி இருந்தது, பேர் சொல்லிக் கேட்க ஒரு விடுதி இருந்தது. இன்று செவன்ஸுக்கு வருபவருக்கு அழைப்புக் கடிதம் மட்டும்தான். அதை எழுதியவர் போனை எடுக்காமல் விட்டால் அந்தக் கடிதமும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. எங்கள் மலைக்கு அந்தப்பக்கம் கோயம்புத்தூரில் நடந்தது. சென்னை சிட்டி எஃப்சி 2018–19 ஐ-லீகை வென்றபோது அந்த அணியின் முதுகெலும்பு, ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளிலிருந்து வந்த நால்வர்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திக் கோப்பையைத் தூக்கினார்கள். சொந்த நாட்டில் பெயர் தெரியாதவர்கள் இவர்கள். ஆனால் ஒரு முழு சீசன் தமிழ்ப் பையன்களோடு காலையில் ஓடி, ஒன்றாகத் தோற்று, ஒன்றாக ஜெயித்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் பிறகு சென்னையின் எஃப்சிக்குப் போனார்; ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்சி கோவாவுக்குப் போனார். வெளிநாட்டு வீரனால் உள்ளூர்க்காரன் வளர்கிறானா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த அணியைத்தான் காட்டுவேன். அந்தக் கிளப்பே சில ஆண்டுகளில் லீகிலிருந்து காணாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால அளவில் இருக்கிறது. எட்டு மாதம் கூட இருப்பவனிடமிருந்து ஒரு பையன் பந்தை எப்போது விட வேண்டும், உடம்பை எப்படித் திருப்ப வேண்டும் என்று கற்கிறான். ராத்திரி எட்டு மணிக்கு வேனில் வந்து இறங்கிப் பத்தரைக்குக் கிளம்புகிறவனிடம் கற்க நேரமில்லை.

இன்னொரு குறையையும் மறைக்க முடியாது. வெளிநாட்டு வீரனை எடுக்கும் டீம்கள் பெரும்பாலும் அவனைக் கோல் போடத்தான் எடுக்கின்றன. இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) 2014 தொடங்கி 2025 வரை அதிக கோலுக்கான விருது ஒரு முறைகூட இந்தியரிடம் வரவில்லை. சுனில் சேத்ரி 2024-இல் ஓய்வு அறிவித்துவிட்டு அடுத்த ஆண்டே இந்திய அணிக்குத் திரும்பி வர வேண்டியிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்கும் இடம் கிடைக்காமல் நம் ஃபார்வர்டுகள் விங்குக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கவலையில்தான் கூட்டமைப்பு 2023-இல் மாநில லீகுகளில் வெளிநாட்டவருக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. உள்ளூர்ப் பையனின் இடத்தைக் காக்கும் நோக்கம் சரி. ஆனால் பதிவும் ஒப்பந்தமும் உள்ள கீழ்மட்டக் கதவுகளை அடைத்தால், எந்தப் பதிவும் இல்லாத செவன்ஸ் கதவு மட்டும் திறந்திருக்கும். தடைக்குப் பதில் ஒரு டீமுக்கு ஒருவர் என்று வரம்பு வைத்து, முழு சீசன் ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கலாம்.

கீழ்நிலை லீக் வாழ்க்கை உலகம் முழுக்கச் சிரமம்தான். வீரர்களின் சங்கமான ஃபிஃப்புரோ 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளம் தாமதமாக வந்ததாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். மாதம் 1,000 டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தவர்கள் 45 சதவீதம். இந்தியரும் இந்தப் பாதையில் போயிருக்கிறார்கள். 1999-இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில் ஆடிய பரி கிளப்பில் சேர்ந்தார். 2002-இல் அந்தக் கிளப்பே கடனில் மூழ்கியது. ஆனால் அவர் கையில் மூன்று வருட ஒப்பந்தம் இருந்தது. ஃபிஃபாவின் இன்றைய விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்த கிளப்புக்கு 15 நாள் கெடு கொடுத்துவிட்டு வீரர் விலகிக்கொள்ளலாம், பாக்கியையும் கேட்கலாம். செவன்ஸ் ஆட்டக்காரருக்கு இந்த விதி எட்டாது.

எட்ட வைக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டீமைப் பதிவு செய்யும் அசோசியேஷனே நான்கு வரி கேட்கலாம்: ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதம் இவ்வளவு, ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவு டீமுடையது, திரும்பும் டிக்கெட்டுக்கான பணம் முன்கூட்டியே டெபாசிட், ஏஜென்டின் பெயரும் கையெழுத்தும். இந்தத் தாள் இல்லாத டீமுக்கு டோர்னமென்டில் இடமில்லை என்றால் போதும். இவ்வளவு பெரிய கேலரியை நிரப்பும் ஆட்டத்துக்கு இது தாங்க முடியாத செலவு அல்ல.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன சீசனில் கெஸ்ட் பிளேயராகக் கீழே போய்க் கணுக்கால் வீங்கித் திரும்பினான். கடைசி பஸ் அவனைப் பெருமாள்மலையில் இறக்கிவிட்டபோது பனி மூடியிருந்தது. அவன் அப்பா டார்ச்சோடு வந்து காத்திருந்தார். வீட்டில் அம்மா உப்புப் போட்டு வெந்நீர் வைத்திருந்தாள். மூன்று வாரம் அவன் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று வாரமும் அவனுக்குச் சோறு இருந்தது.