மாருதி 800: உரிமையாளர் சொல்லை எதுவரை நம்பலாம்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பழைய மாருதி 800 வைத்திருப்பவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணும் செலவு வைக்காதுங்க" என்பார். தோல் மண்டிக்காரரும் சொல்வார், ஷூ அப்பர் ஜாப் வொர்க் எடுப்பவரும் சொல்வார், ஓய்வுபெற்ற ஆசிரியரும் சொல்வார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி இன்னும் கைமாறிக்கொண்டிருப்பது இந்த வாய்ச்சொல்லின் பலத்தில்தான். அதனால் அதை உரசிப் பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சினைப் பொறுத்தவரை அந்தச் சொல் பெரும்பாலும் உண்மை. 1983 டிசம்பரில் இந்த வண்டி வந்தபோது பெரும்பாலும் அம்பாசடரும் பத்மினியும்தான் நம் சாலைகளில் ஓடின. அவற்றுக்கு நடுவே 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 650 கிலோ எடை என்று வந்த இந்தச் சின்ன வண்டி காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. எடை குறைவு என்பதால் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பாரம் குறைவு. அதே எஞ்சின் ஆம்னி வேனிலும் இருந்ததால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரிலும் இருந்தார். உரிமையாளர்கள் வண்டிக்குத் தரும் பாராட்டில் பாதி இந்தப் பட்டறைக்காரர்களுக்குச் சேர வேண்டியது. 2000ஆம் ஆண்டையொட்டி, கார்புரேட்டர் இல்லாமல் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் இன்னும் சீராக ஓடின. ஆனால் சென்சார் மக்கர் செய்தால் ஸ்பேனர் மட்டும் போதாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் தண்ணீர். கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசியைப் போட்டுக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் சின்ன எஞ்சின் திணறும், ஹீட் ஏறும். உடனே கிடைக்கிற போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிக் கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில். மனிதர் குடிக்கத் தகாத அந்த நீர் எஞ்சினுக்கும் ஆகாது. கடினநீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். உப்பு, அலுமினிய ஹெட்டை உள்ளிருந்தே அரிக்கும். பிறகு ஒருநாள் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அப்போது உரிமையாளர், "வெயில் ஜாஸ்தி, அதான்" என்பார். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றியது அவர் நினைவுக்கே வராது.

கணக்கிலும் இப்படித்தான் ஓட்டை இருக்கிறது. பாயின்ட் மாற்றியது, ஹோஸ் மாற்றியது, தரைத்தகட்டுக்கு வெல்டிங் வைத்தது என்று சில்லறையாகப் போன பணத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எஞ்சின் இறங்கிப்போய்க் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டவர் இந்தப் பேச்சில் வந்து சாட்சி சொல்வதும் இல்லை. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

எனக்குப் பெரிதாக உறுத்துவது பாதுகாப்பு. "கெடாது" என்ற சொல்லைக் கேட்பவர், அடிபட்டாலும் தாங்கும் என்று தம்மையறியாமல் நினைத்துக்கொள்கிறார். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. இதே நிறுவனத்தின் பிந்தைய வண்டியான ஆல்டோ 800, ஏர்பேக் இல்லாத அடிப்படை வகையில், 2014இல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் விரைவுப் பேருந்துகளுக்கும் நடுவே, துருவேறிய மெல்லிய தகட்டுக்குள் பிள்ளைகளை உட்கார வைத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊருக்குள் ஓட்டுவதற்கென்று இந்த வண்டியை வாங்குங்கள். வாங்குமுன் தரைவிரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது கூலன்டா துருத்தண்ணீரா என்று பாருங்கள். நெடுஞ்சாலைக்குக் குடும்பத்தோடு இதில் போகாதீர்கள்.