கல்லில் நானூறு பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலின் முன்னே நின்று அண்ணாந்து பார்ப்போர் ஆயிரம் பேர். மதிலருகே சென்று, குனிந்து, கல்லில் பொறித்ததைப் படிப்போர் எத்தனை பேர்? கோபுரத்தின் உயரம் பேசப்படுகிறது. கட்டிய மன்னனின் குலப்பெருமை முழக்கப்படுகிறது. சரித்திர நாவல்கள் அரண்மனைக் காதலைப் பக்கம் பக்கமாகத் தீட்டுகின்றன. அந்தச் சுவரிலேயே நானூறு பெண்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கின்றனவே, அவற்றை எந்தக் கதாசிரியர் எடுத்துக்கொண்டார்?

தளிச்சேரிப் பெண்டுகள் என்பது கல்வெட்டு அவர்களுக்குத் தரும் பெயர். ஆடலுக்கும் பாடலுக்குமாகச் சோழநாட்டின் பற்பல கோயில்களிலிருந்து இராசராசன் ஆணைப்படி தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டோர். திருவாரூரிலிருந்து ஒருத்தி, பழையாற்றிலிருந்து ஒருத்தி என, ஊரும் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற கணக்கும் உண்டு. நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் ஏகவீரி என்று பெயர்கள் வரிசையாய் நீள்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு; பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். நட்டுவர், தையற்காரர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கும் அந்தக் கல்லில் இடமுண்டு. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரையும் அக்கோயிலின் கல்வெட்டே காத்து வைத்திருக்கிறது.

பழம்பெருமை பாடுவோர் இதைக் காட்டி, "கண்டீரோ, கலைஞரை மதித்த காலம்!" என்பர். வீடும் நெல்லும் தந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால், ஊரையும் உறவையும் விட்டுவர அவர்கள் இசைந்தார்களா என்று கேட்டதாக அந்தக் கல்லில் ஒரு சொல் உண்டா? ஒருத்தி இறந்தால் அவளுக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்யவேண்டும் என்பது விதி. நெல்லோடு கூடவே கடமையும் வழிவழியாய் இறங்கிற்று. கொடையும் அதுவே, கட்டும் அதுவே!

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்வோம். கோயில் என்றதும் முகம் திருப்பி, மூடநம்பிக்கையின் கோட்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்படித் திருப்பிய முகத்துக்கு இந்த நானூறு பேரும் தெரியவில்லை. 1890களிலேயே கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்து அச்சேற்றிய பட்டியல் இது. பக்தன் கும்பிட்டுப் போனான். பகுத்தறிவாளன் பாராமல் போனான். இருவரும் படிக்கவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழித்தது. சோழர் காலத் தளிச்சேரியையும் பிற்காலத் தேவதாசி முறையையும் ஒன்றெனச் சொல்வது அவசரமாகும். இடையே பல நூற்றாண்டுகளின் மாற்றங்கள் உண்டு. ஆனாலும் பிறப்பால் பணி, ஆணையால் இடம் என்ற நிலை எப்படி வேரூன்றியது என்று ஆராய விரும்புவோர் தொடங்கவேண்டிய ஏடுகளுள் ஒன்று அந்த மதில்.

எனவே தோழர்களே, அடுத்தமுறை தஞ்சைக்குப் போனால் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கோபுரத்தைப் பார்த்த கண்ணைச் சற்றே தாழ்த்துங்கள். ஒரு பெயரை, ஓர் ஊரை, ஒரு வீட்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மன்னனின் வரலாற்றை மக்களின் வரலாறாக மாற்றும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.