எதற்கய்யா கேட்கிறீர்கள்?

1792இல் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். காப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து, குடிகளை விசாரித்துச் சேர்த்த விவரங்கள் பின்னால் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று அச்சேறின.

கதை எழுதுகிறவனுக்கு அது புதையல். மண், விளைச்சல், ஜாதி, தொழில் எல்லாம் உண்டு. “எதற்கய்யா கேட்கிறீர்கள்?” என்று குடியானவன் மனசுக்குள் கேட்டிருப்பானே, அந்தக் குரல்தான் என் காதில் விழவில்லை. பதில் நிலவரியாக வந்தது. அளவு நிச்சயமானதில் அவனுக்கும் கொஞ்சம் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை.

இன்று ஓசூரில் தொழிலாளி ஆலை வாசலில் விரல் ரேகை வைத்துவிட்டு உள்ளே போகிறான். வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி; சரி. அந்த ரேகை பிறகு எங்கெங்கே போகும் என்று அவனுக்கு யார் சொல்கிறார்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. வழக்குத் தொடுத்தவர் கர்நாடகத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. தீர்ப்பு ஆலை வாசலுக்கு வரவேண்டும்.

நானும் மனிதர்களைச் சேகரிக்கிறவன்தான். ஆனால் எழுதும்போது பெயரை மாற்றிவிடுகிறேன். பதிவேடோ பெயரை வைத்துக்கொண்டு மனிதனை விட்டுவிடுகிறது. எதற்கென்று கேட்டு வாங்கினோமோ, அதற்கு மட்டும் பயன்படுத்துவதுதான் நாணயம்.