ஈட்டியும் புளியும்

கிடாரில் விரல் ஓடும் பலகைக்கு ஈட்டி மரம்தான் என் முதல் ஓட்டு. ஆறு மில்லிமீட்டர் கனம், ஒன்றரை அடிக்குச் சற்று மேல் நீளம் போதும். ஓசூர் மரக்கடையில் துண்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ரேகைகள் செங்குத்தாக நின்றால் பலகை எளிதில் கோணாது. இழைப்புளி பட்டதும் இனிய வாசம் கிளம்பும். எண்ணெய்ப் பசை உள்ள மரம், வார்னிஷ் வேண்டாம். 2017 முதல் அழியும் அபாயமுள்ள இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது; ரசீது கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஓட்டு புளிய மரத்துக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக் கட்டையாகி அரிவாள் வெட்டைத் தாங்குகிற மரம். கிழட்டுப் புளியின் வைரம் கருஞ்சிவப்பாய், ஈட்டிக்கே சவால் விடும். என்ன, வைரம் சிறுத்திருக்கும். இழையும் பின்னிக் கிடக்கும். நேரான நீளத் துண்டு அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள்.